கூட்டுறவுச் சங்கமாக இயற்கை வேளாண்மைக்கு மாறுவது எப்படி?

ரசாயன உரத்தை நிறுத்திய வயலில் முதல் சில பருவங்களுக்கு விளைச்சல் இறங்குவது வழக்கம். மண்ணில் நுண்ணுயிர்கள் பெருகவும், தீமை செய்யும் பூச்சிகளைத் தின்னும் பூச்சிகள் திரும்பி வரவும் காலம் பிடிக்கும். அந்தக் காலத்தில் 'இயற்கை விளைபொருள்' என்று சொல்லி விற்கவும் முடியாது. உணவுத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கோடெக்ஸ் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஓராண்டுப் பயிர் என்றால் விதைப்புக்கு முன் குறைந்தது 2 ஆண்டுகள் மாற்றக் காலம். பல்லாண்டுப் பயிர் என்றால் முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள். விளைச்சல் குறைவு, வேலை அதிகம், விலையோ பழைய விலை. தனி ஆள் தடுமாறும் இந்த இடத்தில்தான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. ஆகவே மண்ணைத் தொடுவதற்கு முன் கணக்கைத் தொடுவோம்.

படி 1: பொதுக்குழுவும் இருப்பு நிதியும்

எல்லோரும் எல்லா நிலத்தையும் ஒரே பருவத்தில் மாற்றுவதாகத் தீர்மானம் போடாதீர்கள். கைதட்டல் கிடைக்கும், அடுத்த பருவத்தில் ஆள் கிடைக்காது. விருப்பமுள்ள உறுப்பினர்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியோடு தொடங்கட்டும். சங்கத்தின் உபரியில் ஒரு பங்கை மாற்றக் கால இருப்பு நிதியாக ஒதுக்குங்கள். உபரியை இருப்புக்கு ஒதுக்குவது கூட்டுறவுக்குப் புதிதல்ல. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1995இல் ஏற்ற 7 கொள்கைகளில் மூன்றாவதே அதைச் சொல்கிறது. யாருக்கு, எவ்வளவு இழப்புக்கு, எந்த ஆதாரத்தின் பேரில் நிதி தரப்படும் என்பதை இழப்பு வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். வந்த பிறகு எழுதினால் அது விதியாக இருக்காது, சண்டையாக இருக்கும்.

படி 2: மண் மாதிரி

வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக மண்ணைச் சீராகச் செதுக்கி எடுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிருங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பாகங்கள் இரண்டை நீக்குங்கள். அரை கிலோ மிஞ்சும் வரை இதைத் திரும்பச் செய்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இருப்பு நிதி கேட்டு வருபவரின் வயலுக்கு இதுவே முதல் ஆவணம்.

படி 3: உரத்தைச் சேர்ந்து தயாரிப்பது

உலர்ந்த தழையும் பச்சைத் தழையும் சாணமும் அடுக்கி மட்கு உரம் தயாரிக்கும்போது, கரிமம் 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கு என்ற அளவு வரப் பாருங்கள். குவியலின் நடுவில் வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் சாகும். வெளிப்பக்கம் சூடாகாது, ஆகவே கிளறி உள்ளே தள்ள வேண்டும். பெரிய குவியல் சூட்டைத் தாங்கிப் பிடிக்கும் என்பதால், இது தனி வீட்டைவிடச் சங்கத்துக்கே ஏற்ற வேலை. பருவ இடைவெளியில் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பை அல்லது தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள்.

படி 4: பொதுக் கருவிகள்

இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். சங்கம் என்றாலே கருவிகளைப் பகிர்வதுதானே? நேற்று ஒரு வயலில் களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இன்று மாற்றக் கால வயலுக்கு எடுத்துப் போனால், ஆறு மாத உழைப்பு ஒரே நாளில் வீணாகும். கழுவினால் போதும் என்று நம்ப வேண்டாம்; குழாயிலும் மூக்கிலும் மிச்சம் தங்கும். தனித் தெளிப்பான் வாங்கி வண்ணம் பூசி வையுங்கள். அறுவடை இயந்திரம், சாக்கு, கிடங்கு ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை. உர மூட்டை வந்த சாக்கில் தானியத்தைக் கட்டக் கூடாது. பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்கள் என்றால் எல்லையில் உயரமான பயிர் வரிசை ஒன்றை வளர்த்து, அதன் விளைச்சலைத் தனியாக விற்றுவிடுங்கள்.

படி 5: ஒருவரை ஒருவர் சரிபார்ப்பது

வெளி நிறுவனம் வந்து ஆய்வு செய்து தரும் மூன்றாம் தரப்புச் சான்றிதழ் சிறு விவசாயிக்குச் செலவு மிக்கது. அதற்கு மாற்றாக இருப்பது பங்கேற்பு உத்தரவாத முறை. பிரேசிலின் தென்பகுதியில் எகோவிதா என்ற உழவர் வலைப்பின்னல் 1998இலிருந்து இப்படித்தான் இயங்குகிறது: உழவர்களும் நுகர்வோரும் சேர்ந்து வயல்களைப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். உங்கள் நாட்டின் சட்டம் இதை ஏற்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள்.

ஐந்து முதல் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொருவரும் வயல் பதிவேடு வைக்க வேண்டும்: தேதி, பயிர், இட்டது என்ன, எவ்வளவு, எங்கே வாங்கியது. எழுதத் தெரியாத உறுப்பினருக்குக் குழுவில் ஒருவர் எழுதிக் கொடுக்கலாம். ஒரு குழு மற்றொரு குழுவின் வயலுக்குப் போகட்டும். 'நீ என்னைப் பார், நான் உன்னைப் பார்க்கிறேன்' என்று இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வது கண்துடைப்பில்தான் முடியும். உறவினர் வயலுக்கு உறவினர் போகக் கூடாது. போனவர்கள் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், கருவிக் கொட்டகையையும் திறந்து பார்க்க வேண்டும்.

தவறு கண்டால் முதல் முறை எச்சரிக்கை. தடை செய்யப்பட்ட மருந்து அடித்தது உறுதியானால் அந்த வயலின் மாற்றக் காலம் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கும். சங்கத் தலைவரின் வயலுக்கும் இதுவே விதி. முதல் சுற்று ஆய்வை அவருடைய வயலில் வையுங்கள்.