பழைய பைக்கை ஆன்லைனில் வாங்கும்போது முன்பணத்தில் நடக்கும் தவறுகள்

பழைய இருசக்கர வண்டிகளை வாங்கி, வேலை பார்த்து, விற்பதுதான் என் தொழில். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ் இரண்டையும் தினமும் மேய்கிறேன். முதல் வண்டி தேடும் பிள்ளைகள் "அண்ணா, இந்த விளம்பரம் உண்மையா?" என்று கேட்டு லிங்க் அனுப்புகிறார்கள். பாதிப் பேர் பணத்தை அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

விலை ரொம்பக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள், ஓடிபி சொல்லாதீர்கள் என்பதெல்லாம் இப்போது எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்த பிள்ளைகளும் திரும்பத் திரும்ப ஏமாறும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

அடையாள அட்டையைப் பார்த்து நம்புவது

விற்பவர் ராணுவத்தில் வேலை என்பார். திடீரென்று வடக்கே மாற்றல் வந்துவிட்டது, அதனால்தான் இந்த விலை என்பார். கேட்காமலேயே ஆதார், கேன்டீன் கார்டு, சீருடைப் படம் எல்லாம் வாட்ஸாப்பில் வந்து விழும். அட்டையில் இருப்பவர் நிஜமான ஆளாகக்கூட இருக்கலாம். ஆனால் உங்களோடு பேசுகிறவர் அவர் இல்லை. முன்பு ஏமாந்த யாரோ நம்பி அனுப்பிய அட்டை அது. "நான் அனுப்பிவிட்டேன், நீங்களும் உங்கள் ஆதாரை அனுப்புங்கள், நம்பிக்கைக்காக" என்று கேட்பதும் இதற்காகத்தான். அனுப்பினால் அடுத்த விளம்பரத்தில் விற்பவர் நீங்கள்தான்.

போன முன்பணத்தை மீட்க இன்னொரு பணம் அனுப்புவது

என்னால் இன்றுவரை பொறுக்க முடியாத தவறு இது. முதலில் போகும் தொகை பெரும்பாலும் சிறியது. வாழ்க்கையைப் புரட்டிப்போடுவது அதற்குப் பின்னால் போகும் பணம்.

உணவு டெலிவரி வேலையில் சேர வண்டி தேடிய ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். நல்ல நிலையில் உள்ள ஸ்கூட்டர், விலை 22,000 ரூபாய். "வண்டி மீனம்பாக்கத்தில் ஏர்போர்ட்டுக்குள் நிற்கிறது, வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். ஆர்மி கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும். வண்டியைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தால் போதும். பதிவுக் கட்டணம் மட்டும் இப்போது 2,150" என்றிருக்கிறார் விற்றவர். 22,000 அனுப்பச் சொல்லியிருந்தால் தம்பி யோசித்திருப்பான். 2,150 தானே என்று அனுப்பிவிட்டான்.

அரைமணி நேரத்தில் வேறு குரல், வேறு எண். கூரியர்காரராம். சாக்குத் துணி சுற்றிய வண்டியின் படமும் முத்திரை குத்திய ரசீதும் வந்தன. "வண்டியில் ஜிபிஎஸ் பொருத்தியிருக்கிறோம், அதற்கு 5,100 டெபாசிட். டெலிவரி செய்யும்போது கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம்." அனுப்பினான். "5 நிமிடம் தாமதமாக வந்ததால் சிஸ்டம் எடுக்கவில்லை, மறுபடி 5,100 போடுங்கள், பழையது தானாகத் திரும்பும்." போட்டான். "இரண்டு தவணையாக வந்திருக்கிறது, மொத்தமாக ஒரே தடவை வந்தால்தான் பில் போட முடியும்." அதற்கு 10,200. வண்டியின் விலையைவிட அதிகமாகக் கட்டிய பிறகும் கேட் பாஸுக்கு இன்னொரு தொகை பாக்கி என்றார்கள். அந்தக் கடைசித் தொகையைக் கடனாகக் கேட்டுத்தான் என்னிடம் வந்தான்.

இது மோசடி என்று சொன்னதும் அவன் முகம் மாறியது. பாதி அவனுக்கே தெரிந்திருந்தது. உடனே சைபர் மோசடிப் புகாருக்கான அரசின் உதவி எண் 1930-ஐ அழைப்போம் என்றேன். "வேண்டாம் அண்ணா, போலீஸுக்குப் போனது தெரிந்தால் அவர் கோபப்பட்டு என் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்" என்றான். எனக்கு அடிவயிறு எரிந்தது. அவன் மேல் கோபமில்லை. வேலைக்குப் போகத் துடிக்கும் ஒரு பையனை, திருடனின் மனம் கோணக் கூடாது என்று பயப்படும் இடத்துக்கு இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்களே என்ற கோபம்.

இந்த வலை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கேட்கிற ஒவ்வொரு தொகைக்கும் "திரும்பக் கிடைக்கும்" என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் நீங்கள் செலவு செய்வதாகவே உணர மாட்டீர்கள், பழைய பணத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பீர்கள். நேரக் கெடு, தவணைக் கணக்கு, சிஸ்டம் பிழை என்று எல்லாவற்றிலும் தவறு உங்களுடையதாகவே காட்டப்படும். தன் தவறைத் தானே சரிசெய்கிற மனநிலையில் அடுத்த தொகையையும் அனுப்பிவிடுவீர்கள்.

நிஜமான பார்சல் எப்படி வரும் என்று தெரிந்தால் இது உடனே விளங்கும். லாரி பார்சலில் வண்டி ஏற்றினால் எல்.ஆர். எனும் லாரி ரசீது போடுவார்கள். அந்த எண்ணை உங்கள் ஊர்க் கிளையில் சொல்லிச் சரிபார்க்கலாம். 'டு பே' என்று போட்டிருந்தால் சரக்கை எடுக்கும்போது கவுண்டரில் கட்டணம் கட்டுவீர்கள். யாரோ ஒருவரின் யுபிஐக்குத் தவணை தவணையாக டெபாசிட் கட்டும் வழக்கம் எந்தப் பார்சல் ஆபீஸிலும் இல்லை. மாற்றலாகிப் போகும் ராணுவ வீரரின் பழைய ஸ்கூட்டரை உங்கள் வீட்டில் இறக்கிப் பணம் வசூலிக்கும் 'ஆர்மி கூரியர்' என்று ஒன்று கிடையவே கிடையாது.

முன்பணம் போய்விட்டதா? போன தொகையோடு நிறுத்திவிடுங்கள். அடுத்த 1 ரூபாய்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது. சில நாள் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வேறொருவர் அழைப்பார். அவரும் இதே கூட்டம்தான்.

க்யூஆர் ஸ்கேன்

உங்களுக்குப் பணம் வர ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின் நம்பரும் வேண்டாம்.

"இன்னொரு பார்ட்டி பணத்தோடு கிளம்பிவிட்டார்"

விற்பவர் இப்படி அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும். வேறு வண்டி வரும்.

நேரில் பார்த்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைப்பது

இது கொஞ்சம் நுட்பமானது. நேரில் பார்த்துத்தான் வாங்குவேன் என்று கறாராக இருப்பவர்களும் இதில் மாட்டுகிறார்கள்.

உண்மையான ஒருவர் தன் வண்டியை 60,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறார். நடுவில் ஒருவன் அதே படங்களை எடுத்து 45,000 என்று தன் எண்ணோடு போடுகிறான். நீங்கள் அவனை அழைத்தால், "வண்டி மச்சான் வீட்டில் நிற்கிறது, போய்ப் பாருங்கள். அவனுக்கும் எனக்கும் பணத் தகராறு, அவனிடம் விலை பேச வேண்டாம்" என்பான். உண்மையான உரிமையாளரிடம், "என் கடையில் வேலை செய்யும் பையனை அனுப்புகிறேன், அவனிடம் விலையைச் சொல்லாதீர்கள்" என்று சொல்லி வைத்திருப்பான். நீங்கள் போய் வண்டியை ஓட்டிப் பார்ப்பீர்கள், ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) பார்ப்பீர்கள், எல்லாம் சரியாக இருக்கும். பணம் மட்டும் நடுவில் நிற்பவனின் கணக்குக்குப் போகும். பிறகு அந்த வாசலில் நிற்கும் இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் திருடன் என்பார்கள்.

இதற்கு ஒரே தடுப்பு, விலையை வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் உரக்கக் கேட்பது. "என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள், பணம் யார் கணக்குக்குப் போக வேண்டும்?" விலை பேசாதே என்று யாராவது சொல்லியிருந்தால் கட்டாயம் பேசுங்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயரின் சில எழுத்துகள் மறைந்திருந்தாலும் ஒத்துப் பார்க்கும் அளவுக்குத் தெரியும். வண்டி கடனில் இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரியும். யுபிஐயில் அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் ஆர்.சி. பெயரோடு பொருந்த வேண்டும். மனைவி கணக்கு, நண்பர் கணக்கு என்றால், உரிமையாளர் எதிரில் நின்று ஒப்புக்கொள்ளும்வரை அனுப்பாதீர்கள்.

டோக்கன் அட்வான்ஸைச் சும்மா கொடுப்பது

முன்பணமே கூடாது என்று சொல்ல மாட்டேன். எங்கள் தொழிலில் டோக்கன் இல்லாமல் யாரும் நமக்காக வண்டியை நிறுத்தி வைக்க மாட்டார்கள். ஆனால் அது வண்டியைப் பார்த்த பிறகு, எதிரில் நிற்கும் உரிமையாளரிடம் கொடுப்பது. கொடுத்தவுடன் அங்கேயே வாட்ஸாப்பில் எழுதுங்கள்: வண்டி எண், பேசிய விலை, கொடுத்த டோக்கன், எந்தத் தேதிவரை வண்டியை வைத்திருப்பார், ஆர்.சி.யில் சிக்கல் வந்தால் டோக்கன் திரும்புமா. அவர் "சரி" என்று பதில் போட்டால் போதும். நேர்மையான விற்பனையாளர் யாரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

புகாரை நாளைக்கு என்று தள்ளுவது

யுபிஐயில் போன பணத்தை உங்கள் வங்கி தானாகத் திருப்பி எடுக்க முடியாது. 1930-ஐ அழைத்தால் பணம் போன கணக்குகளைப் பின்தொடர்ந்து, இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் தொகையை முடக்கப் பார்ப்பார்கள். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மளமளவென மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அதனால் அழைப்பு நிமிடக் கணக்கில் போக வேண்டும். குடும்பத்துக்குத் தெரிந்துவிடுமே என்று இரவெல்லாம் கூனிக் குறுகிக் கிடப்பவர்கள் இழப்பது அந்த நேரத்தைத்தான். அழைக்கும்போது 12 இலக்கப் பரிவர்த்தனை எண், பணம் போன யுபிஐ முகவரி, தொகை, நேரம் ஆகியவை கையில் இருக்கட்டும். பிறகு cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். அவமானத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

பணம் போகவில்லை, கேட்டுப் பார்த்தார்கள், தப்பித்துவிட்டீர்கள் என்றால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். விளம்பரத்தையும் அது வந்த ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் தளத்திலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். அதே ஸ்கூட்டர் படத்தை இந்த நேரத்தில் வேறு ஒரு பையனும் பார்த்துக்கொண்டிருப்பான்.