குட்டி .44 ரிவால்வருக்கு எந்த ஈயக் குண்டு?

சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் மாதிரி ஒரு சின்ன ரிவால்வரை முறைப்படி வைத்துக்கொண்டு, தோட்டாவையும் தாங்களே நிரப்பிக்கொள்கிற அமெரிக்கவாசிகளுக்காக இதை எழுதுகிறேன். 1973-இல் வந்த துப்பாக்கி அது. சுடுவது .44 ஸ்பெஷல் என்ற தோட்டா வகை, ஐந்தே அறை, எடை சுமார் 20 அவுன்ஸ். பெரிய ரிவால்வருக்கு வாங்கிய குண்டுகளையே இதிலும் போட்டால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். சில சமயம் சரியாக வரும், பல சமயம் குழலுக்குள் ஈயம் அப்பிக்கொண்டு, குறியும் சிதறி, கடைசியில் பழி துப்பாக்கி மேல் விழும்.

கடைக்காரர் பெட்டியில் ‘ஹார்ட் காஸ்ட்’ (கெட்டியாக வார்த்தது) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார். கெட்டியான ஈயம்தான் உசத்தி என்ற நினைப்பு அங்கிருந்துதான் வருகிறது. இந்தத் துப்பாக்கிக்கு அது பொருந்தாது. அதே விட்டத்தில் வரும் வலுவான .44 மேக்னம் தோட்டாவின் உச்ச அழுத்தம் 36,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .44 ஸ்பெஷலுக்கு 15,500தான், பாதிகூட இல்லை. அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ரொம்பக் கெட்டியான குண்டின் அடிப்பாகம் விரிந்து குழலை அடைக்காது. ஏற்கெனவே அளவும் கொஞ்சம் குறைவாக இருந்துவிட்டால், சூடான வாயு பக்கவாட்டில் பீறிக்கொண்டு போய் ஈயத்தை அரித்து, குழலின் ஆரம்பத்திலேயே பூசிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குழலுக்குள் சுழற்றிச் செதுக்கிய வரிகளின் ஓரமாக வெள்ளி ரேக்கு ஒட்டினாற்போல் மின்னும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது விட்டம், கெட்டித்தனம் அதற்கு அப்புறம்தான். செம்பு உறை போட்ட குண்டு 0.429 அங்குலம் இருக்கும், வார்த்த ஈயக் குண்டு பெரும்பாலும் 0.430 அல்லது 0.431-இல் கிடைக்கும். எது உங்களுக்கு என்பதைச் சொல்வது, தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர்தான். தோட்டா அறைக்கு முன்னால், குண்டு வெளியேறும் குறுகலான வாய் இருக்கிறதல்லவா, அங்கேதான் அளவெடுக்க வேண்டும். மைக்ரோமீட்டரெல்லாம் எடுப்பதற்கு முன்பு எளிய சோதனை ஒன்று உண்டு. துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, வெறும் குண்டு ஒன்றை எடுத்து சிலிண்டரின் முன்பக்கமிருந்து அந்த வாயில் வையுங்கள். விரலால் லேசாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தானாக விழுந்தால் குண்டு சின்னது, சுத்தியலைத் தேட வேண்டியிருந்தால் பெரியது. ஐந்து அறையிலும் பாருங்கள், ஐந்தும் ஒரே அளவில் இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. சிலிண்டர் வாய் குழலின் உள்பள்ளத்தைவிடக் குறுகலாக இருந்தால் எந்தக் குண்டை வாங்கினாலும் வாயிலேயே அது நசுங்கிச் சிறுத்துவிடும், அதைத் துப்பாக்கித் தொழிலாளி சீவித்தான் சரிசெய்ய வேண்டும்.

விட்டம் பொருந்திவிட்டதென்றால் கெட்டித்தனம் சுலபம். உலோகத்தின் கெட்டித்தனத்தைச் சொல்லும் பிரினெல் அளவில் சுத்த ஈயம் 5, இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு தகரம் கலந்தால் 10, பழைய டயர் எடைக்கட்டி ஈயம் 12 வாக்கில், அச்சு எழுத்து வார்க்கும் லைனோடைப் ஈயம் 22. இந்தத் துப்பாக்கிக்கு 10 முதல் 12 போதும். குண்டின் அடியில் செம்பு மூடி வைக்கும் வகை இந்த வேகத்துக்குத் தேவையே இல்லை, அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

எடை விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. .44 ஸ்பெஷலின் பழைய தோட்டாவில் 246 கிரெய்ன் (குண்டை நிறுக்கும் சிறு எடையளவு) உருண்டை மூக்குக் குண்டு, வேகம் வினாடிக்கு 750 அடி சொச்சம். துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் வடிவமைத்த புகழ்பெற்ற குண்டும் 250 கிரெய்ன் ஒட்டித்தான். ஆனால் அவர் சுட்டது முழு அளவுத் துப்பாக்கியில். 20 அவுன்ஸ் துப்பாக்கியில் 250 கிரெய்னை வேகமாக அனுப்பப் பார்த்தால் உள்ளங்கை கன்றிப்போகும், இரண்டாவது தோட்டாவைச் சுடும் ஆசையே போய்விடும். 200 கிரெய்ன் தட்டை மூக்குக் குண்டில் தொடங்குங்கள். 240-ஐ விரும்பினால் மெதுவான தோட்டாவாக வைத்துக்கொள்ளுங்கள். வெடிமருந்தின் அளவை அச்சான கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள், அதுவும் அந்தக் குண்டுக்கே கொடுத்திருக்கும் அளவாக இருக்கட்டும். இன்னொன்று, குறிபார்க்கும் முனையை மாற்றியமைக்க முடியாத துப்பாக்கியில் கனமான குண்டு மேலேயும் லேசானது கீழேயும் படும். ஆகவே உங்கள் துப்பாக்கியின் குறிக்கு எந்த எடை ஒத்துப்போகிறதோ அதுதான் கடைசித் தீர்ப்பு.

லேசான துப்பாக்கியில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. சுடும்போது துப்பாக்கி பின்னால் எகிறுகிறது, மிச்சத் தோட்டாக்களின் குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. விளைவு, குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவி, சிலிண்டருக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, சுழலவிடாமல் பூட்டிவிடும். அதனால் ஆழமான கிரிம்ப் பள்ளம் உள்ள குண்டையே வாங்கி, தோட்டாவின் வாயை அந்தப் பள்ளத்துக்குள் நன்றாக மடக்குங்கள். சோதனை இப்படி: ஐந்தாவது தோட்டாவின் நீளத்தை அளந்துவிட்டு நான்கைச் சுடுங்கள், பிறகு ஐந்தாவதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தச் சேர்க்கையை விட்டுவிடுங்கள். மூக்கு நீளமான குண்டு குட்டையான சிலிண்டரில் முதலிலேயே எட்டிப் பார்க்கும், நூற்றுக்கணக்கில் நிரப்புவதற்கு முன்பு மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத ஒரு போலித் தோட்டாவைச் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வடிவத்தில், கூர்மையான தோள் உள்ள செமி வாட்கட்டர் என்கிற வகை காகிதத்தில் அழகாக வட்டத் துளை போடும், ஆனால் வேகமாக நிரப்பும்போது அந்தத் தோள் அறையின் விளிம்பில் தட்டும். உருண்டு தட்டையான மூக்கு சட்டென்று உள்ளே போகும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

குண்டில் பூசும் மசகைப் பொறுத்தவரை, கடைக் குண்டுகளில் வரும் கண்ணாடி மாதிரி கெட்டியான நீல, சிவப்பு மெழுகு பெட்டியில் உதிராமல் இருப்பதற்குத்தான் நல்லது. குறைந்த அழுத்தத்தில் தேன்மெழுகு கலந்த மென்மையான மசகு நன்றாக வேலை செய்கிறது. மசகுக்குப் பதில் பவுடர் கோட்டிங் என்ற பிளாஸ்டிக் பூச்சு போட்ட குண்டும் சுத்தமாகச் சுடும், பூச்சுக்குப் பிறகு விட்டம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். முதலில் நூறு வாங்கிப் பார்த்துவிட்டு ஐந்நூறுக்குப் போகலாம்.

ஈயம் ஒட்டிவிட்டால் செம்பு நாரைக் குழல் பிரஷ்ஷில் சுற்றித் தேயுங்கள். வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு, குழலுக்குள் விடக்கூடாது. கலிபோர்னியாவில் இருப்பவர்கள் 2019 ஜூலை முதல் ஈயக் குண்டுடன் வேட்டைக்குப் போகவே முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடவோ குழந்தையைத் தூக்கவோ கூடாது.