கொதித்த பிறகும் பெருந்தீ எதற்கு?

உலை கொதிக்கத் தொடங்கிய பிறகும் அடுப்பைப் பெரிதாகவே எரியவிடுவது பல வீடுகளில் வழக்கம். சோறு சீக்கிரம் வெந்துவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில், திறந்த பாத்திரத்தில் நீர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அதன்பின் எவ்வளவு எரித்தாலும் நீரின் சூடு அதற்கு மேல் ஏறாது. ஆவிதான் கூடுதலாகப் போகும். கொதி அடங்காத அளவுக்குச் சிறுதீ போதும். மிச்சமெல்லாம் வீணாகும் எரிவாயு.

வெப்பம் கொடுத்தால் வெப்பநிலை ஏறியே தீரும் என்ற எண்ணம்தான் இங்கே அடிப்படைத் தவறு. உருகும் பனிக்கட்டி வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருந்தாலும் அதன் வெப்பநிலை மாறுவதில்லை என்பதை 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற வேதியியலாளர் ஆய்ந்து காட்டினார். உள்ளுறை வெப்பம் என்று நாம் படிப்பது இதைத்தான். மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்திருக்கும் பிடியை விடுவிக்க அந்த ஆற்றல் செலவாகிறது. ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 420 கிலோஜூல் ஆற்றல் போதும். அதே நீரை முழுவதும் ஆவியாக்க மேலும் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும், அதாவது ஐந்து மடங்குக்கும் மேல்!

இதனால்தான் நீராவியை வெந்நீரைப் போல எண்ணி அலட்சியமாகக் கை நீட்டக் கூடாது. தோலில் பட்டு நீராகும்போது ஆவி அத்தனை ஆற்றலையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. அதன்பின் வெந்நீராகவும் சுடுகிறது.

கொதிநீரின் பெரிய குமிழிகளில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருப்பதாகத் தேர்வில் எழுதுகிறவர்கள் உண்டு. இருப்பது நீராவி. மூலக்கூறுகள் விலகுகின்றனவே தவிர, உடைவதில்லை.

கொதித்தால்தான் நீர் ஆவியாகும் என்பதும் சரியன்று. எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பிலிருந்து வேகமான மூலக்கூறுகள் தப்பிக்கொண்டே இருக்கும். எஞ்சிய நீரின் சராசரி ஆற்றல் குறைவதால் அது குளிர்கிறது. மண்பானை வேலை செய்வது இப்படித்தான்: நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கிறது. அழகுக்காக அதன் வெளிப்புறத்தில் பெயின்ட் பூசினால் நுண்துளைகள் அடைபட்டு, கசிவு நின்றுவிடும். காற்றே வராத மூலையில் வைப்பதும் தவறு. பானையைச் சுற்றி ஈரக்காற்று தேங்கி ஆவியாதல் மந்தமாகும். சென்னையின் புழுக்கமான நாட்களில் பானைநீர் அவ்வளவாகக் குளிராததற்கும் இந்த ஈரப்பதம்தான் காரணம். பானையைக் குறை சொல்ல வேண்டாம், ஜன்னலோரம் நகர்த்தி வையுங்கள்.