பெயரை நம்பி கில் கொடுக்காதீர்கள்: லினக்ஸ் ப்ராசஸ் பெயர்களில் நாம் செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன்பு நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் 'பேமெண்ட்-கேட்வே-ஒர்க்கர்' என்றொரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மாலை அது அப்படியே தொங்கி நின்றுவிட்டது. நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டலாம் என்று பெயரை வைத்து புரோகிராமை நிறுத்தும் பி-கில் கமாண்டை முழுப் பெயரையும் அடித்துக் கொடுத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, ப்ராம்ப்ட் மட்டும் திரும்பி வந்தது. ஓடிக்கொண்டிருப்பவற்றைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்டைப் போட்டுப் பார்த்தால் ஒர்க்கர் அதே எண்ணில் அங்கேயே இருக்கிறது. எழுத்தில் ஏதோ தவறு போலிருக்கிறது என்று நினைத்து, கடைசி வார்த்தையை எடுத்துவிட்டு 'பேமெண்ட்-கேட்வே' என்று மட்டும் கொடுத்தேன். ஒர்க்கர் போய்விட்டது. கூடவே, பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் 'பேமெண்ட்-கேட்வே-செக்கர்' என்ற இன்னொரு புரோகிராமும் போய்விட்டது. அது எனக்குத் தெரியவந்தது மறுநாள் காலையில்தான்.

நான் அடித்த பெயரில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஒரு ப்ராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் என்ன பெயர் வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் பிழை.

லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தன்னிடம் ஒரு பதிவு வைத்திருக்கிறது. அதில் பெயருக்கென்று ஒதுக்கிய இடம் 16 பைட். அதன் பெயர் காம். கடைசி பைட் பூஜ்யம், அதாவது பெயர் முடிந்தது என்பதற்கான அடையாளம். ஆக நமக்குக் கிடைப்பது 15. ஆங்கில எழுத்தில் 'பேமெண்ட்' 7, நடுவில் ஒரு கோடு, 'கேட்வே' 7. எண்ணிப் பாருங்கள், சரியாக 15. ஒர்க்கரும் செக்கரும் கெர்னலுக்கு ஒரே பெயர்தான். பி-கில், கொல்லாமல் தேடிக் காட்ட மட்டும் செய்யும் பி-கிரெப் இரண்டும், வேறு எதுவும் சொல்லாவிட்டால், இந்தக் காமில்தான் தேடும். 22 எழுத்துப் பெயரை 15 எழுத்துக்குள் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? இப்போது வரும் பதிப்புகள் 15-க்கு மேல் போனால் எச்சரிக்கை காட்டுகின்றன. அன்றைக்கு என்னிடம் இருந்தது வாயே திறக்கவில்லை.

இந்த 15 என்பது எழுத்துக் கணக்கும் இல்லை, பைட் கணக்கு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என 5 குறியீடுகள். மொத்தம் 15 பைட், இம்மியும் மிச்சமில்லாமல் பொருந்திவிடுகிறது. தமிழில் பெயர் வைத்த புரோகிராம் என்றால் அதற்கு மேல் ஓர் எழுத்துகூடத் தாங்காது.

ஒரு பெயர் இல்லை, நான்கு

முதலில் இதை மனதில் ஏற்றிக்கொண்டால் பாதித் தவறுகள் தானாக நின்றுவிடும். ப்ராசஸ் விவரங்களைக் கெர்னல் காட்டும் ஸ்லாஷ் ப்ராக் ஃபோல்டருக்குள் போய் ஏதாவது ஓர் எண்ணின் கீழே பாருங்கள். காம் என்று ஒரு ஃபைல், தொடங்கும்போது கொடுத்த முழு கமாண்ட் வரியைக் காட்டும் சிஎம்டிலைன் என்று ஒன்று, எக்ஸி என்று ஒரு லிங்க் இருக்கும். நான்காவது அந்த ஃபோல்டரின் எண்ணேதான், அதாவது பிஐடி.

யார் எழுதியது என்பதுதான் இவற்றுக்குள் உள்ள பெரிய வித்தியாசம். காம் என்பது ஒரு புரோகிராம் ஓடத் தொடங்கும்போது ஃபைல் பெயரிலிருந்து கெர்னல் எடுத்து வைப்பது. ஆனால் அப்புறம் அந்தப் புரோகிராமே அதை மாற்றிக்கொள்ளலாம், கெர்னல் தடுக்காது. சிஎம்டிலைன் இன்னும் மோசம். அது இருப்பதே அந்தப் ப்ராசஸின் சொந்த நினைவகத்தில். நாம் கேட்கும்போது கெர்னல் அங்கே எட்டிப் பார்த்து, இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் புரோகிராம் இந்த வசதியைத்தான் நல்ல விதமாகப் பயன்படுத்தி, எந்தப் பயனர் எந்த டேட்டாபேஸில் என்ன செய்கிறார் என்பதை பிஎஸ்ஸிலேயே காட்டுகிறது. கெட்ட விதமாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு, அவர்களிடம் பிறகு வருகிறேன். எக்ஸி மட்டும் உண்மையில் எந்த ஃபைல் ஓடுகிறது என்பதற்குக் கெர்னலே கொடுக்கும் விடை. அந்த ஃபைலை யாராவது டிஸ்க்கிலிருந்து அழித்துவிட்டால்கூட, அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு பழைய இடத்தைக் காட்டும். அப்டேட் போட்டுவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய மறந்ததை நான் பல தடவை இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

ஸ்கிரிப்ட் என்றால் ஒரே பெயர் என்று நினைப்பது

இது அதிகம் பேர் கவனிக்காதது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 'நைட்லி' என்று ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கிறது. முதல் வரியில் பைத்தானின் முழுப் பாதையையும் நேராக எழுதி, ஸ்கிரிப்டை அதன் பெயரிலேயே ஓட்டினால், காமில் 'நைட்லி' என்று விழும். அதே ஸ்கிரிப்டை, பைத்தான்3 என்று அடித்துப் பக்கத்தில் பெயர் கொடுத்து ஓட்டினால் காமில் 'பைத்தான்3' என்று விழும். இதுவரை பலருக்கும் தெரியும்.

இப்போது முதல் வரியை, இன்று எல்லோரும் பரிந்துரைக்கிற மாதிரி, என்வ் என்ற சின்ன புரோகிராம் வழியாகப் பைத்தானைக் கூப்பிடும்படி மாற்றுங்கள். ஓட்டுகிற விதம் அதேதான், ஸ்கிரிப்டின் பெயரும் அதேதான். ஆனால் காமில் வருவது 'பைத்தான்3'. காரணம் எளிது. கெர்னல் முதலில் 'நைட்லி' என்றுதான் பெயர் வைக்கிறது. ஆனால் ஓடத் தொடங்கிய என்வ், தன் இடத்தில் பைத்தானை ஏற்றுகிறது. அந்த இரண்டாவது ஏற்றத்தில் பெயர் மறுபடி எழுதப்படுகிறது.

ஆக, ஸ்கிரிப்ட் அழகாக இருக்கட்டும் என்று ஒருவர் அந்த ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். 'நைட்லி' ஓடுகிறதா என்று பி-கிரெப்பில் பார்த்துக்கொண்டிருந்த மானிட்டரிங் அன்றிரவே 'ஓடவில்லை' என்று அலறும். இன்னும் மோசமான நிலை, 'ஏற்கெனவே ஓடினால் மறுபடி தொடங்காதே' என்று எழுதிய காவல் வரி வேலை செய்யாமல் போய், ஒரே பேக்கப் இரண்டு மூன்று முறை ஓடத் தொடங்குவது. இந்த மாதிரி காவலுக்குப் பெயரைத் தேடவே கூடாது. எஃப்லாக் என்ற கமாண்ட் அதற்கென்றே இருக்கிறது.

மைனஸ் எஃப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புவது

15 எழுத்துச் சிக்கலில் ஒரு முறை அடிபட்டவர்கள் உடனே தாவுவது பி-கில் மைனஸ் எஃப்புக்கு. அது சிஎம்டிலைன் முழுவதிலும் தேடும். முழுவதும் என்றால் உண்மையிலேயே முழுவதும். 'பேக்கப்' என்று கொடுத்தால் பேக்கப் புரோகிராம் மட்டும் சிக்காது. பக்கத்து நாற்காலியில் ஒருவர் பேக்கப் கான்ஃபிக் ஃபைலை விம் எடிட்டரில் திறந்து வைத்திருந்தால் அதுவும் சிக்கும். பேக்கப் லாகின் கடைசி வரிகளை டெயில் கமாண்ட் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவரின் டெயிலும் சிக்கும்.

பி-கில் தன்னைத் தானே கொல்லாது, அந்த அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் தன்னைக் கூப்பிட்ட ஷெல்லை, அதாவது நாம் கொடுக்கும் கமாண்டுகளை ஓட்டும் புரோகிராமை, அது விட்டுவைக்காது. எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு சர்வருக்கு 'பழையதை பி-கில் மைனஸ் எஃப்பில் நிறுத்து, பிறகு புதியதைத் தொடங்கு' என்று இரண்டையும் ஒரே வரியில் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதை ஓட்டும் ஷெல்லின் சிஎம்டிலைனில் அந்த வரி முழுவதும் இருக்கிறது, தேடும் சொல்லும் அதற்குள் இருக்கிறது. நிறுத்தும் வேலை அந்த ஷெல்லையும் சேர்த்து நிறுத்திவிடும். தொடங்கும் வேலை நடக்கவே நடக்காது. டிப்ளாய் செய்தபின் சர்வீஸ் ஏன் எழவில்லை என்று மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

கொல்வதற்கு முன்னால் அதே சொல்லை பி-கிரெப் மைனஸ் ஏ எஃப் என்று ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், யார் யார் சிக்குவார்கள் என்று முழு வரியோடு காட்டும். முழுப் பெயரும் அப்படியே பொருந்த வேண்டும் என்றால் மைனஸ் எக்ஸ், ஒரு பயனரின் ப்ராசஸ் மட்டும் என்றால் மைனஸ் யு. இரண்டு நொடி வேலைதான்.

சதுர அடைப்புக்குறியைக் கண்டால் கெர்னல் என்று விட்டுவிடுவது

பிஎஸ் பட்டியலில் கேவொர்க்கர், கேத்ரெட்டி போன்ற பெயர்கள் சதுர அடைப்புக்குறிக்குள் வரும். 'அது கெர்னலுடையது, தொடாதே' என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அடைப்புக்குறியைப் போடுவது கெர்னல் இல்லை, பிஎஸ். சிஎம்டிலைன் காலியாக இருந்தால், காமை எடுத்து அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். செத்தும் பட்டியலிலிருந்து நீங்காத ஸோம்பி ப்ராசஸுக்கும் அதனால்தான் அதே அடைப்புக்குறி விழுகிறது.

சிஎம்டிலைனை ப்ராசஸே மாற்றலாம் என்று சொன்னேன் அல்லவா? அடைப்புக்குறியோடு சேர்த்து 'கேவொர்க்கர்' என்று தானே எழுதிக்கொள்ளும் மால்வேர்கள் உண்டு. கிரிப்டோ காசு தோண்டும் 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ' என்ற மால்வேர் பல சர்வர்களில் பிடிபட்டது. கெர்னலுக்கு உண்மையிலேயே அந்தப் பெயரில், கடைசி 'ஐ' மட்டும் இல்லாமல், ஒரு த்ரெட், அதாவது கெர்னலே ஓட்டும் ஒரு வேலை, உண்டு. வேகமாகப் பட்டியலை ஓட்டிப் பார்க்கும் கண்ணுக்கு அந்த ஓர் எழுத்து தெரியாது. அதை நம்பித்தான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் பெயரை விடுங்கள், பெற்றோரை, அதாவது அதைத் தொடங்கிய ப்ராசஸை, கேளுங்கள். கெர்னல் த்ரெட்களின் பெற்றோர் எண் 2, அதாவது கேத்ரெட்டி. கேத்ரெட்டியின் பெற்றோர் எண் 0. அடுத்து ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராக, இருந்து எக்ஸி லிங்கைப் படியுங்கள். கெர்னல் த்ரெட்டுக்கு அது எதையும் காட்டாது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒன்றின் எக்ஸி, ஸ்லாஷ் டெம்ப் ஃபோல்டரைக் கைகாட்டினால் அந்தச் சர்வருக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். சிபியு 100 சதவீதத்தில் ஓடுகிற 'கெர்னல் த்ரெட்' எதையும் இந்த இரண்டு கேள்வி கேட்காமல் விடாதீர்கள்.

ஸ்டாட் ஃபைலை இடைவெளியில் வெட்டுவது

ப்ராக்கில் ஸ்டாட் என்று ஒரு ஃபைல், எல்லா விவரமும் ஒரே வரியில். இரண்டாவது இடத்தில் காம், வளைவு அடைப்புக்குறிக்குள். மூன்றாவது இடத்தில் ப்ராசஸின் நிலை, அதாவது ஓடுகிறதா தூங்குகிறதா என்பது. வரியைத் துண்டாக்கும் ஆக் கமாண்டில் மூன்றாவது துண்டை எடுத்தால் போதும் என்று எழுதிவிடுவோம். ஒரே டெர்மினலில் பல ஷெல்களை ஓட்ட உதவும் டிமக்ஸின் சர்வர் தனக்கு வைத்துக்கொள்ளும் பெயரில் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது: 'டிமக்ஸ்: சர்வர்'. இப்போது மூன்றாவது துண்டில் நிலைக்குப் பதிலாக 'சர்வர்' என்ற சொல் வந்து நிற்கும், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஓர் இடம் தள்ளிப் போய்விடும். பெயருக்குள் அடைப்புக்குறியே இருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் வரியில் கடைசியாக வரும் மூடும் வளைவைத் தேடி, அதற்கு அப்புறம் இருப்பதை மட்டும் வெட்டுங்கள்.

சரி, எண்ணை நம்பலாமா?

எண்ணைக் கொடுப்பது கெர்னல்தான், ப்ராசஸால் அதை மாற்ற முடியாது. ஆனால் எண் திரும்பத் திரும்பப் பயன்படும். பழைய இயல்பு உச்சவரம்பு 32768. 64-பிட் கணினிகளில் 41,94,304 வரை உயர்த்தலாம். உச்சத்தைத் தொட்டதும் கீழிருந்து காலியான எண்களை மறுபடி கொடுக்க ஆரம்பிக்கும். மூன்று மாதத்துக்கு முன்பு எழுதிய பிஐடி ஃபைலில் இருக்கும் எண் இன்றைக்கு யாருடையது என்று அந்த ஃபைலுக்குத் தெரியாது. எண்ணோடு தொடங்கிய நேரத்தையும் ஒப்பிட்டால்தான் அதே ஆள் என்று சொல்ல முடியும். ஸ்டாட்டில் 22-ஆவது இடத்தில் அது இருக்கிறது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு 5.3 கெர்னலிலிருந்து பிஐடிஎஃப்டி என்ற கைப்பிடி கிடைக்கிறது. எண் வேறு ஆளிடம் போனாலும் அந்தக் கைப்பிடி மாறாது.

கன்டெய்னருக்குள், அதாவது தனியாகப் பிரித்து ஓட்டும் சூழலுக்குள், பார்க்கும் எண் வேறு, வெளியே பார்க்கும் எண் வேறு. உள்ளே 1 என்று இருப்பது வெளியே ஐந்து இலக்கமாக இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் ஸ்டேட்டஸ் ஃபைலில் என்எஸ்பிஐடி என்ற வரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உள்ளிருந்து குறித்துக்கொண்ட எண்ணை வெளியே வந்து கில் செய்யாதீர்கள்.

மெமரி தீர்ந்த லாகில் முதல் பெயரைக் குற்றவாளியாக்குவது

மெமரி தீர்ந்துபோய்க் கெர்னல் ஒரு ப்ராசஸைக் கொன்றால், லாகில் முதல் வரி இன்னார் ஊம்-கில்லரைக் கூப்பிட்டார் என்று தொடங்கும். அங்கே 'எஸ்எஸ்ஹெச்டி' என்று இருந்தால், எஸ்எஸ்ஹெச்சில் மெமரி ஒழுகுகிறது என்று டிக்கெட் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் தற்செயலாக மெமரி கேட்டு நின்றவர் மட்டும்தான் அவர். கொல்லப்பட்டவரின் எண்ணும் அடைப்புக்குறிக்குள் பெயரும் கீழே தனி வரியில் இருக்கும். நடுவில் உள்ள பட்டியலில் யார் எவ்வளவு பிடித்திருந்தார்கள் என்பது இருக்கும், படிக்க வேண்டியது அதைத்தான். இங்கேயும் பெயர் 15 எழுத்துதான். செத்த பிறகு ப்ராக்கில் போய் முழு வரியைப் பார்க்கவும் முடியாது. எங்கள் ஒர்க்கரும் செக்கரும் இந்த லாகில் வந்திருந்தால் யார் செத்தது என்று பெயரை வைத்துச் சொல்லியிருக்கவே முடியாது.

கடவுச்சொல்லை கமாண்ட் வரியில் கொடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிஎம்டிலைனை, தடை எதுவும் போடாத சர்வரில், உள்ளே நுழைந்த எந்தப் பயனரும் படிக்கலாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் செய்தது இரண்டு. ஒன்று, இரண்டு புரோகிராமையும், சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில் தனித்தனி சர்வீஸாக எழுதினோம். சிஸ்டம்டி ஒரு சர்வீஸின் ப்ராசஸ்களைப் பெயரை வைத்துத் தேடுவதில்லை, சிகுரூப் என்ற கூட்டுக்குள் வைத்துக் கணக்கு பார்க்கிறது. குழந்தை ப்ராசஸ்கள் என்ன பெயர் மாற்றிக்கொண்டாலும் கூட்டை விட்டு வெளியே போகாது. நிறுத்து என்றால் அந்தக் கூடு மட்டும் நிற்கும். இரண்டு, பெயரில் வித்தியாசப்படும் சொல்லை முன்னால் கொண்டுவந்தோம். இப்போது பிஎஸ்ஸில் ஒன்று 'ஒர்க்கர்' என்று தொடங்குகிறது, இன்னொன்று 'செக்கர்' என்று. 15-ஆவது எழுத்தில் வெட்டினாலும் எது எது என்று தெரிகிறது.