பரவைக்கடலைச் சுற்றி ஒரு நாள்: யாழ்ப்பாணம் – பரந்தன் – பூநகரி சைக்கிள் ஓட்டம்

ஜேர்மனியின் பாசாவிலிருந்து ஒஸ்ரியாவின் வியன்னாவுக்கு டானூப் ஆற்றங்கரையால் சைக்கிள் ஓடுகிறவர்கள் ஆறு ஓடுகிற பக்கமாகவே கிழக்கே போவார்கள். அங்கே காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் அடிக்கும். எங்களுக்கு ஆறும் இல்லை, இறக்கமும் இல்லை. தெருவெல்லாம் தட்டை. ஆனால் எதிர்க்காற்றில் 20 கிலோமீற்றர் மிதித்தவருக்கு மலை ஏறியவரின் கால்வலி வரும். ஆகவே எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலை, அதாவது கடல்நீரேரியை, ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய 115 கிலோமீற்றர். ஏ-9 வீதியால் நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை, ஆனையிறவு தாண்டிப் பரந்தன் சந்தி வரை 60. அங்கிருந்து பூநகரிக்கு 25. பூநகரியிலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், கேரதீவு, நாவற்குழி வழியாக நகருக்கு 30.

தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மே கடைசி முதல் செப்ரெம்பர் வரை ஏ-9 ஆல் போய்ப் பாலத்தால் திரும்புங்கள். காற்று எழும்ப முன்னரே ஆனையிறவைத் தாண்டிவிடலாம். கடைசித் துண்டில் வடக்கு நோக்கி வரும்போது காற்று இடது தோளுக்குப் பின்னால் நிற்கும். இதற்கு விலை, பரந்தன்–பூநகரித் துண்டு: அங்கே காற்று முகத்தில் அடிக்கும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை மறுவளமாகச் சுற்றுங்கள். ஆனையிறவிலிருந்து வீடு வரை வலது பின்பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வரும். ஒக்ரோபர், நவம்பர் மழைக்கும் காண்டாவன வெயிலுக்கும் இந்த ஓட்டம் வேண்டாம். பளைப் பக்கம் காற்றாலைகள் தெரியும்போது அவை எந்தத் திசைக்கு முகம் கொடுக்கின்றன என்று பாருங்கள். காற்று வருவது அந்தத் திசையிலிருந்துதான்.

விடிய 4.30க்கு வெளிக்கிடுங்கள், முன்னுக்கு வெள்ளை லைற், பின்னுக்குச் சிவப்பு லைற்றோடு. சாதாரண லுமாலா சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீற்றர் என்று கணக்குப் போட்டால் மிதிக்கவே எட்டு மணித்தியாலம் வேண்டும். சீற்றின் உயரம்: பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். எங்கள் தெருக்களில் ஓடுகிற முக்கால்வாசி சீற் இதைவிடப் பதிவு. கடைக்குப் போய்வர அது போதும். 100 கிலோமீற்றருக்கு முழங்கால் தாங்காது.

கொண்டுபோக வேண்டியவை அதிகம் இல்லை: உங்கள் ரயரின் அளவுக்கே பொருந்தும் இரண்டு ரியூப் (28க்கு 26 சரிவராது), ரயர் கழற்றும் நெம்பு இரண்டு, ஒட்டுத் துண்டும் சொலூசன் பசையும், உப்புத்தாள், காற்றடிக்கும் பம், பின்சில்லு நட்டுக்குப் பொருந்தும் சாவி, பழைய வால்வு என்றால் அதற்குள் மாட்டும் றப்பர் வால்வு ரியூப் நாலு அங்குலம்.

காற்றுப் போனால் உடனே சில்லைக் கழற்றாதீர்கள். திரும்பக் காற்றடித்து, வால்வு வாயில் கொஞ்சம் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் பிழை வால்வு ரியூப்பில். வெயிலில் அது வெடித்திருக்கும், மாற்ற இரண்டு நிமிடம் போதும். குமிழ் இல்லையென்றால் முள்தான். பூநகரிப் பக்கம் உடைமுள், தெருவோரம் நெருஞ்சி. ரியூப்பை மாற்ற முன்னர் ரயரின் உட்பக்கம் முழுக்க ஒரு துணியை இழுத்துப் பாருங்கள். முள் நிற்கும் இடத்தில் துணி சிக்கும். வெறும் விரலால் தடவினால் விரல்தான் கிழியும். முள்ளை எடுக்காமல் புது ரியூப் போட்டு, அரை மைலில் அதுவும் போவதுதான் வழமையாக நடக்கிற கூத்து. ஒட்டுப் போடுவதென்றால் உப்புத்தாளால் உரஞ்சி, சொலூசனை மெல்லிசாகப் பூசி, பளபளப்பு மங்கும் வரை காயவிடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் வெயில் சூட்டில் கழன்றுவிடும்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர் வேண்டும். மூன்று லீற்றரோடு வெளிக்கிட்டுக் கொடிகாமத்திலும் பரந்தனிலும் நிரப்புங்கள். பூநகரியில் கிணற்றை நம்ப வேண்டாம், பல இடத்தில் உவர். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு போனால் மத்தியானம் கெண்டைக்காலில் பிடிக்கலாம். ஒரு லீற்றருக்கு ஒரு ஜீவனிப் பைக்கற் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்), அல்லது ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து தேசிக்காய் பிழிந்து கொள்ளுங்கள். காலையில் புட்டும் வாழைப்பழமும் நல்லது. வழியில் மணிக்கு ஒருக்கால் ஒரு துண்டு பனங்கட்டி, அல்லது எள்ளுருண்டை. கொத்துரொட்டியை வீடு திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பரந்தன் சந்திக்கு 9.30க்குப் பிந்தி வந்தால், அல்லது யாருக்காவது தலையிடி தொடங்கினால், பூநகரிக்குத் திரும்பாதீர்கள். ஏ-9 இல் நிழலும் கடையும் பஸ்ஸும் உண்டு. பூநகரி வீதியில் வயல்வெளிதான். போவதென்றால் காற்றை மறைக்க ஒருவர் பின் ஒருவராக ஒன்றரைச் சில்லு இடைவெளியில் ஓடி, 10 நிமிடத்துக்கு ஒருக்கால் முன்னால் ஓடுபவரை மாற்றுங்கள். இதைவிடக் கிட்டப் போகாதீர்கள். எங்கள் பிறேக்குகளை அவ்வளவு நம்ப முடியாது.

2011 ஜனவரியில் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர்தான், ஆனால் இருபக்கத் தாம்போதியிலும் (கடலுக்குக் குறுக்கே போட்ட தெருவிலும்) ஒதுங்க ஒரு மரம் இல்லை. பக்கக் காற்றில் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் அலையும். தளர்த்திப் பிடித்து, முழங்கையை மடித்துக் குனியுங்கள். கரியரில் உயரமாகச் சாமான் கட்டியிருந்தால் காற்று அதில்தான் பிடிக்கும். லொறி ஒன்று முந்தும்போது காற்று ஒரு கணம் மறைந்து, பிறகு படாரென்று திரும்பி அடிக்கும். அந்த இடத்தில்தான் ஆட்கள் ஓரத்து மணலுக்குள் இறங்கி விழுகிறார்கள்.

வந்த கையோடு, குளிக்க முன்னர், செயினையும் கம்பிகளையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். பரவைக்கடல் உப்பு ஒரு இரவிலேயே செயினைச் சிவப்பாக்கும். காய்ந்த பிறகு தையல் மெசின் எண்ணெய், கண்ணிக்கு ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், மணலைப் பிடித்துக்கொள்ளும்.