மீட்பு மையத்தில் வரத்து கூடும் நாள்: அவசரத்தில் நடக்கும் தவறுகள்

ஏப்ரல், மே மாதங்களில் வன உயிர் மீட்பு மையத்தின் வாசலில் அட்டைப்பெட்டிகள் வரிசையாக வந்து சேரும். கிளை வெட்டியதில் கூடு கலைந்த அணில்குட்டிகள், காக்கைக் கூட்டிலிருந்து விழுந்த குயில்குஞ்சு, வெயிலில் சுருண்ட பருந்து, மாஞ்சா நூல் அறுத்த கூகை என எல்லாம் ஒரே காலையில் வரும், ஆள் போதாது. அப்படிப்பட்ட நாளில் காயத்தைவிட, வந்த அரைமணிக்குள் அன்போடு புகட்டப்படும் தண்ணீரும் பாலும்தான் அதிகம் பயப்பட வேண்டியவை.

பறவையின் மூச்சுக்குழல் வாய்க்குள்ளேயே, நாக்கு தொடங்கும் இடத்தில் திறந்திருக்கிறது. துவண்டு கிடக்கும் பறவைக்கு விழுங்கத் தெம்பிருக்காது. அலகைப் பிரித்து ஒரு ஃபில்லர் தண்ணீர் ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். முதலில் சூடு, பிறகு நீர்ச்சத்து, கடைசியில்தான் தீனி. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது. உடல் சில்லிட்ட குஞ்சின் தீனிப்பை, அதாவது தொண்டைக்குக் கீழே தீனி தங்கும் பை, இயங்காது. உள்ளே போனது அங்கேயே தங்கிப் புளித்துவிடும்.

இறகு முளைக்காத குஞ்சுக்கும் கண் திறக்காத அணில்குட்டிக்கும் பெட்டிக்குள் 32 முதல் 35 டிகிரி வரை வேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். பாட்டில் ஆறிவிட்டால் அதுவே குட்டியின் சூட்டை இழுக்கும். வேலை மும்முரத்தில் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மணிக்கொரு தரம் தொட்டுப் பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

வெயிலில் விழுந்த பருந்துக்கு இது பொருந்தாது. அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இறக்கையை விரித்துக் கிடக்கும் பறவையைச் சூடான பெட்டியில் வைத்தால் செத்துவிடும். காற்றோட்டமான இருட்டறையில் விட்டு, இறகில்லாத கால்களைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்தால் போதும். ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டாம்.

அடுத்தது எடை. ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் எடை மெஷின் இல்லாமல் அணில்குட்டிக்குப் பால் கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பதற்குச் சமம். ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 சதவீதம் என்பது கணக்கு: 20 கிராம் குட்டிக்கு 1 மி.லி. பசும்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடரே நல்லது. அதையும் உடனே தராமல், முதலிரண்டு வேளை வெதுவெதுப்பான ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்துவிட்டு, பாலை நீர்க்கக் கரைத்துத் தொடங்க வேண்டும். குட்டியை மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. வயிறு கீழே, தலை சற்று மேலே இருக்கட்டும், 1 மி.லி. சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மூக்கில் பால் குமிழ் விட்டால் அப்போதே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள். பால் கொடுத்ததும் ஈரப்பஞ்சால் பின்பக்கம் மெல்லத் தடவினால்தான் கண் திறக்காத குட்டி சிறுநீர் கழிக்கும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது. இதை விட்டால் வயிறு உப்பி, பால் சரியாகக் கொடுத்த குட்டியும் இறந்துபோகும்.

குஞ்சுகளை இனம் பிரிக்காமல் ஒரே தட்டில் கலந்த உணவை எல்லாவற்றுக்கும் ஊட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. மைனா, குயில் குஞ்சுகள் வாயைப் பிளந்து கேட்கும். பகல் முழுக்க அரைமணிக்கொரு தரம் ஊறவைத்த பூனைத்தீனி, வேகவைத்த முட்டை, புழு என்று சிறு உருண்டைகளாகக் கொடுக்கலாம். புறாக்குஞ்சு வாயைப் பிளக்காது. தாயின் வாய்க்குள் தன் அலகை நுழைத்து உறிஞ்சும் இனம் அது. பசியில்லை என்று நினைத்து அதை விட்டுவிடுகிறார்கள், அல்லது அலகைப் பிரித்துத் திணிக்கிறார்கள். கிளிக்குஞ்சின் கூழ் 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கிக் கலக்காமல் கொடுத்தால் தீனிப்பை உள்ளே வெந்துபோகும். சில நாள் கழித்தே வெளியே தெரியும். புறாவுக்கும் கிளிக்கும் முந்தைய தீனி இறங்கியதா என்று தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தபின்தான் அடுத்த வேளை.

இறகு முளைத்து, தத்தித் தத்தித் திரியும் குஞ்சைத் தூக்கி வருபவரிடம் உள்ளே வாங்கிக்கொள்ளத் தேவையே இல்லை. அது பறக்கப் பழகுகிற குஞ்சு, தாய் பக்கத்திலேயே இருக்கும். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை. காயம் இல்லாவிட்டால் எடுத்த இடத்துக்கே கொண்டுபோய் கிளையில் வைக்கச் சொல்லுங்கள். பூனை கவ்வியிருந்தால் மட்டும் கதை வேறு: வெளியே கீறலே தெரியாவிட்டாலும் பூனைப் பல்லின் கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். மருத்துவர் அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.

மாஞ்சா காயத்தில் நூலை இழுத்து எடுக்கவே கூடாது. கண்ணாடித்தூள் பூசிய நூல் வரும் வழியெல்லாம் சதையை அறுத்துக்கொண்டே வரும். இருபுறமும் வெட்டி, சிக்கிய துண்டை மருத்துவரிடம் விடுங்கள். இறக்கையை மடித்த நிலையிலேயே எட்டு வடிவில் கட்ட வேண்டும். கட்டு உடம்பையும் சுற்றி வந்தால் அடியில் ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள். பறவைக்கு நம்மைப் போல மூச்சுக்கு உதவும் உதரவிதானத் தசை இல்லை, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சே வரும். பசை பிளாஸ்டர் இறகைப் பிய்க்கும், எண்ணெய்க் களிம்பு இறகின் நீர் காக்கும் தன்மையைக் கெடுக்கும், இரண்டும் வேண்டாம். கட்டிய கட்டை மறந்துவிடுவதுதான் இதில் பெரிய தவறு. இறக்கையின் முன்பக்கச் சவ்வு சுருங்கிப்போனால் காயம் ஆறியும் பறவை பறக்காது. மூன்று நான்கு நாளுக்கொரு முறை மருத்துவர் பிரித்து, இறக்கையை நீட்டிப் பார்க்க வேண்டும். கம்பி வலைக் கூண்டில் போட்டால் வால் இறகு முறியும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை மடித்து வாலுக்கு உறை போடுவது நல்ல பழக்கம்.

நெஞ்செலும்பு கத்தி போல் துருத்திக்கொண்டிருக்கும் பட்டினிப் பருந்துக்கு முதல் நாள் வயிறாரக் கறி போட்டால் உடல் தாங்காது. நீர்ச்சத்து ஏற்றி, பிறகு எலும்பில்லாத சிறு துண்டுகள், தெம்பு வந்தபின் முழு எலி என்று போக வேண்டும். ஆனால் எலும்பில்லாத கறியிலேயே வாரக்கணக்கில் வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து குஞ்சின் கால் வளையும்.

வலிக்கு வீட்டு மாத்திரையைத் தூள் செய்து கொடுப்பவர்களும் உண்டு. அப்படியொரு வலி மருந்தான டைக்குளோஃபினாக் பாறுக் கழுகுகளை ஏறக்குறைய அழித்த மருந்து; கால்நடைகளுக்குத் தருவது 2006-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பறவைகளுக்கு மெலாக்சிகம்தான் கேளுங்கள், அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார்.

வேலைச் சுற்றில் ஆரோக்கியமான குஞ்சுகளை முதலில், நோயுற்ற புறாக்களைக் கடைசியில் பாருங்கள். தலைகீழாகச் செய்தால் கையே நோயைக் கொண்டுபோகும். குரங்கு, கீரி, மரநாய் கடித்தால் அந்த வேலையை அங்கேயே போட்டுவிட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். வேலை முடித்துவிட்டுப் போகலாம் என்று எவரையும் அனுமதிக்காதீர்கள்.

குஞ்சையோ குட்டியையோ, முக்கியமாக ஆந்தைக்குஞ்சையும் குரங்குக்குட்டியையும், தனியாக வளர்த்துப் பேசிக் கொஞ்சினால் அது மனிதரையே தன் இனமாக எடுத்துக்கொள்ளும். பிறகு விடுவிக்க முடியாது. ஒரே இனத்தை ஒன்றாக வையுங்கள்.

கூட்டத்தில் வாங்கும்போது எங்கே கிடைத்தது என்று எழுதாமல் விட்டால் விடுவிக்கும் நாளில் திண்டாட்டம்தான். தெருப் பெயர், மரம், கொண்டுவந்தவரின் போன் எண் மூன்றையும் பெட்டியின் மேலேயே எழுதுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு, கைக்கு வந்ததை 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அதிகாரியிடமோ தெரிவிக்கச் சொல்கிறது. வனத்துறைக்கு அன்றைய பட்டியலை அன்றே அனுப்பிவிடுங்கள். ஆந்தையை அந்தி சாயும் நேரத்திலும், பருந்தைக் காலையிலும், மழையில்லாத நாளாகப் பார்த்து, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுங்கள்.