ஊரில் நீண்ட நாள் தங்க விசா வேண்டுமா?

நீங்கள் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரா? மாதக்கணக்கில் ஊரில் தங்க வேண்டுமென்றால், மறுபடி மறுபடி சுற்றுலா விசாவுக்குப் பணம் கட்டாமல் ஓசிஐ (OCI, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அது ஆயுள் முழுக்கச் செல்லும் விசா. எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். எவ்வளவு காலம் தங்கினாலும் எஃப்ஆர்ஆர்ஓ எனும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதியத் தேவையில்லை. சுற்றுலா இ-விசாவில் ஒரு காலண்டர் ஆண்டுக்கு அதிகபட்சம் 180 நாள்தான். வம்சாவளிக்குச் சான்று கட்டாயம் கேட்பார்கள். அதனால் பெற்றோர் அல்லது தாத்தா, பாட்டியின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை முதலில் தேடி எடுத்து வையுங்கள்.

நீங்களோ, பெற்றோர் முதல் கொள்ளுத் தாத்தா வரை யாரேனுமோ பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் ஓசிஐ அட்டை கிடைக்காது. அப்புறம், பத்திரிகைப் பணிக்கும் ஆய்வுக்கும் அட்டை இருந்தாலும் தனி அனுமதி வாங்க வேண்டும்.